டிக்கெட் வாங்கியவரின் அபிப்பிராயம்

தமிழ் நாட்டில் இரண்டு சாஸ்திரங்களை யாரும் யாரிடமும் போய்க் கற்றுக்கொள்வதில்லை. ஒன்று வைத்தியம், மற்றொன்று விமரிசனம். "தலையை வலிக்கிறது" என்று சொன்னால் போதும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், முன்பின் தெரியாத மனிதர், சுக்கு எவ்வளவு மிளகு எவ்வளவு என்று கணக்குச் சொல்லிவிடுவார். "நேற்று ஒரு படம் பார்த்தேன்" என்று சொல்லிப் பாருங்கள். அதே மனிதர், அந்தப் படத்தைத் தாம் பார்த்திருந்தாலும் சரி, பாராவிட்டாலும் சரி, எந்த இடத்தில் கத்தரிக்கோல் போட்டிருக்க வேண்டும் என்று ஒரு தீர்ப்பு வழங்கிவிடுவார். வைத்தியத்தில் இந்தப் பழக்கம் மிகவும் அபாயகரமானது. விமரிசனத்தில் அவ்வளவு அபாயம் இல்லை, உண்மையில் அதனால் நன்மையே உண்டு என்பது என் கட்சி.

இந்தக் கட்சியை இப்போது எடுத்துப் பேச வேண்டிய அவசியம் ஏற்பட்டிருக்கிறது. 2024-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் 'கங்குவா' என்னும் பெருஞ் செலவுப் படம் வெளியாயிற்று. முதற் காட்சி முடிந்து வெளியே வந்தவர்களில் பலர் காது கொடுத்துக் கேட்க முடியாத வார்த்தைகளால் அதை அர்ச்சித்தார்கள். வாசலில் செல்போனையும் ஒலிவாங்கியையும் நீட்டிக்கொண்டு நின்றவர்கள் அந்த அர்ச்சனையை அரை மணி நேரத்துக்குள் உலகமெங்கும் பரப்பிவிட்டார்கள். அந்த மாதமே தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கத்தார், இந்த யூடியூப் ஆசாமிகளைத் தியேட்டர் வளாகத்துக்குள் விடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். டிசம்பரில், நடப்புத் தயாரிப்பாளர்களின் சங்கத்தார் சென்னை ஹைகோர்ட்டுக்கே போய், ஒரு படம் வெளியாகி மூன்று நாள் ஆகும்வரை இணையத்தில் அதைப் பற்றி விமரிசனமே வரக்கூடாது என்று உத்தரவிடும்படி மனுச் செய்துகொண்டார்கள். கோர்ட்டார் அப்படித் தடை விதிக்கவில்லை. அபிப்பிராயம் சொல்வது பேச்சுச் சுதந்திரத்தில் சேர்ந்தது. அவதூறு இருந்தால் அதற்குத் தனியே புகார் செய்துகொள்ளலாம் என்பது அவர்கள் கண்ட நியாயம். மலையாள தேசத்திலும் 2023-ல் இதே வழக்குக் கேரள ஹைகோர்ட்டின் முன் வந்தது.

மூன்று நாள்தானே, வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன குடி முழுகிப் போய்விடும் என்று சிலர் கேட்கிறார்கள். பழைய நாளாயிருந்தால் ஒன்றும் முழுகியிராதுதான். 1944-ல் வெளியான 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அப்படிப்பட்ட படத்துக்கு மூன்று நாள் என்பது சமுத்திரத்தில் மூன்று சொட்டு. இப்போதோ ஒரே நாளில் ஆயிரக்கணக்கான திரைகளில் படத்தைப் போட்டு, வெள்ளி, சனி, ஞாயிறுக்குள் வசூலை வாரி முடித்துவிட வேண்டுமென்பது வியாபாரத்தின் ஏற்பாடு. பெரும்பாலான படங்களுக்கு ஆயுசே அந்த மூன்று நாள்தான். ஆகவே மூன்று நாள் பேசக்கூடாது என்பதற்கு, வசூல் முடிந்த பிறகு பேசு என்று அர்த்தம். விருந்து முடிந்து இலையை எடுத்த பிறகு, "சாம்பாரில் உப்பு இல்லை" என்று சொல்லலாம் என அனுமதி கொடுப்பது போன்றது இது.

நான் விளாங்குடிவாசி. மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் ரஸ்தாவில், வைகைக்கு வடகரையில், விளா மரத்தை ஞாபகப்படுத்தும் பெயருடன் இருக்கிறது எங்கள் ஊர். வெகு காலம் கிராமமாகவும் பிறகு பேரூராட்சியாகவும் இருந்து, 2011-ல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஊர் பட்டணத்தோடு சேர்ந்தாலும் சினிமா என்றால் "மதுரைக்குப் போகிறேன்" என்றுதான் இன்னும் சொல்கிறோம். குழந்தை குட்டிகளுடன் ஒரு குடும்பம் இங்கிருந்து கிளம்பிப் படம் பார்த்துத் திரும்பினால், டிக்கெட், போக வர வாகனம், இடைவேளையில் சோளப் பொரி எல்லாமாகச் சேர்ந்து மாதச் சாமான் கணக்கில் ஒரு துண்டு விழத்தான் செய்யும். அந்தக் குடும்பத் தலைவி, கிளம்புவதற்கு முன்னால், "படம் எப்படி?" என்று நாலு பேரைக் கேட்கிறாள். கடையில் கத்தரிக்காயைப் புரட்டிப் பார்த்து வாங்குகிறவளுக்கு இந்த உரிமை மட்டும் கூடாதா?

இனி, அந்த "நாலு பேர்" யார் என்பதைக் கவனிப்போம். அவர்களுக்குச் சங்கீதம் தெரியுமா, கதைக் கட்டுத் தெரியுமா, காமிராவின் நுட்பம் தெரியுமா என்று கேட்டு, "இவர்கள் அமெச்சூர்கள்தானே!" என்று உதட்டைப் பிதுக்குவது வழக்கமாயிருக்கிறது. தமிழ் நாட்டில் அந்த வார்த்தைக்கு இப்படி ஒரு கீழான அர்த்தம் ஏற்பட்டது ஆச்சரியந்தான். 1891-ல் சென்னையில் சுகுண விலாச சபையை ஆரம்பித்த பம்மல் சம்பந்த முதலியார் ஓர் அமெச்சூர். வக்கீல் தொழில் செய்தவர். பின்னால் நீதிபதியாகவும் இருந்தவர். நாடகத்தால் வயிறு வளர்க்க வேண்டிய அவசியம் அவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் இருக்கவில்லை. அதனாலேயே, தொழில் கம்பெனிகள் துணியாத காரியங்களை அவர்களால் செய்ய முடிந்தது. சிலர் பிழைப்புக்காக ஒரு கலையைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். பைத்தியம் பிடித்து அதன் பின்னால் அலைகிற வேறு சிலரும் உண்டு. அந்த இரண்டாவது ஜாதிக்குத்தான் அமெச்சூர் என்று பெயர்.

நம் நாட்டுச் சினிமா, சங்கீத விமரிசனத்தின் சரித்திரத்தைச் சற்றுப் புரட்டினால் இந்த ஜாதியாரைத்தான் அடிக்கு அடி சந்திக்கிறோம்.

முதலாவது சந்திக்க வேண்டியவர் 'கல்கி'. 1930-களில் 'ஆனந்த விகடன்' ஆசிரியராக இருந்தபோது, 'ஆடல் பாடல்' என்னும் பகுதியில், 'கர்நாடகம்' என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டு கச்சேரிகளையும் டாக்கிகளையும் அவர் அலசினார். அந்தப் புனைபெயரிலேயே ஒரு குறும்பு இருக்கிறது. கர்நாடக சங்கீதத்தைப் பற்றி எழுதுகிறவர் என்று ஓர் அர்த்தம். "அவர் சுத்தக் கர்நாடகம் ஐயா!" என்று பழம் பஞ்சாங்கங்களைச் சொல்கிறோமே, அது மற்றோர் அர்த்தம். மேடையேறிப் பாடும் வித்வான் அல்ல அவர். சபையில் உட்கார்ந்து கேட்கும் ரசிகர். "எனக்கு இது பிடித்தது, இது பிடிக்கவில்லை, ஏனென்றால்..." என்று ஆரம்பித்து, அந்த "ஏனென்றால்" என்பதற்குப் பிறகு வாசகரைச் சிரிக்க வைத்துக்கொண்டே விஷயத்தைச் சொல்லிவிடுவார். ராக லட்சணம் தெரியாத ஒரு குமாஸ்தாவும் அவருடைய மனைவியும் சேர்ந்து படிக்கக்கூடிய சங்கீத விமரிசனம் என்று ஒன்று தமிழில் உண்டானது அப்போதுதான். தமிழிலே பாடுங்கள் என்று வித்வான்களை அவர் இடித்துக் கேட்டதும் ரசிகர் என்ற அதே ஹோதாவில்தான். பாட்டின் பொருள் புரியாமல் தலையாட்டிக்கொண்டிருக்கும் ஆயிரம் பேருடைய மனக் குறையை ஒருவர் வெளியிட்டார், அவ்வளவுதான்.

ஆனால் இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மதுரையில் பிறந்த ஸ்ரீமதி எம். எஸ். சுப்புலட்சுமியின் விஷயத்தில் கல்கியின் பேனா கண்டன வேலையை அடியோடு விட்டுவிட்டது. 1941-ல் 'கல்கி' பத்திரிகை தொடங்கியபோது, அதற்கு மூலதனம் சேர்வதற்காகவே 'சாவித்திரி' படத்தில் நாரதராக நடித்தார் எம். எஸ். என்பது பிரசித்தம். 1945-ல் வெளியான 'மீரா'வுக்குக் கல்கி பாட்டும் எழுதினார். ஆக, ஒரே வீட்டு விவகாரமாகப் போய்விட்டது! எம். எஸ்.ஸின் சங்கீதத்துக்கு அந்தப் புகழ்ச்சியெல்லாம் தகும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இருந்தாலும், சிநேகிதர் சமைத்த சமையலைப் பற்றிச் சிநேகிதரைக் கேட்டு என்ன பிரயோசனம்? கல்கியைப் போன்ற மகா ரசிகருக்கே இது நேர்ந்ததென்றால், இன்று படக் கம்பெனியார் அனுப்பிய வாகனத்தில் போய், அவர்கள் கொடுத்த சிற்றுண்டியைத் தின்றுவிட்டு, "படம் பட்டையைக் கிளப்புகிறது" என்று செல்போன் முன்னால் கூவுகிறவர்களைப் பற்றிச் சொல்வானேன்?

கல்கிக்குப் பிறகு சுப்புடு. பி. வி. சுப்பிரமணியம் என்று முழுப் பெயர். பர்மாவில் இருந்து, 1942-ல் யுத்தத்தின்போது அங்கிருந்து தப்பி வந்து, டில்லியில் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர். பகலில் சர்க்கார் காகிதம், மாலையில் கச்சேரி, நள்ளிரவில் விமரிசனம் என்று 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையிலும் தமிழ்ப் பத்திரிகைகளிலுமாக அரை நூற்றாண்டுக்கு மேல் எழுதினார். டிசம்பர் மாதம் பிறந்து சுப்புடு சென்னைக்கு வந்துவிட்டார் என்றால் பெரிய பெரிய வித்வான்களுக்கே வயிற்றைக் கலக்கும். அவருடைய எழுத்தில் சில சமயம் நியாயத்தைக் காட்டிலும் சிலேடைக்கு அதிக மரியாதை கிடைத்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் மாதம் பிறந்தால் சம்பளம் சர்க்கார் கஜானாவிலிருந்து வந்தது. வித்வானுடைய தயவால் வரவேண்டியதில்லை. அந்தத் தைரியம் ஒவ்வொரு வரியிலும் தெரியும். 2007-ல், தொண்ணூறு வயதில், காலமானார்.

தமிழ் சினிமாவின் சரித்திரத்தை முறையாக ஆராய்ந்து எழுதிய தியடோர் பாஸ்கரன் எந்தக் காலேஜில் சினிமா வாத்தியாராக இருந்தார் என்று கேட்டால், எங்கும் இல்லை. தபால் இலாகாவில் இருந்தார்! தமிழ்நாட்டின் தலைமைப் போஸ்ட்மாஸ்டர் ஜெனரலாக இருந்து ஓய்வு பெற்றவர். சுதந்திரப் போராட்ட காலத்து நாடகத்தையும் சினிமாவையும் பற்றி 1981-ல் அவர் எழுதிய புத்தகமும், 1996-ல் தமிழ்ப் படங்களைப் பற்றி எழுதிய மற்றொரு புத்தகமும் இல்லாவிட்டால், இன்று நாம் பழைய டாக்கிகளைப் பற்றிப் பேசுவதில் பாதி வெறும் வாய்ப் பந்தலாக இருக்கும். இரண்டாவது புத்தகத்துக்குத் தேசிய விருதும் கிடைத்தது. இசைத்தட்டு விஷயத்தில் இதே ஸ்தானம் வி. ஏ. கே. ரங்கராவுக்கு. பொப்பிலி ஜமீன் குடும்பத்தைச் சேர்ந்த அவர், பழைய அரக்குத் தட்டுக்களை ஆயிரக்கணக்கில், ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தார். சேர்த்து அலமாரியில் பூட்டி வைக்காமல், கேட்டுக் கேட்டு எழுதினார்.

அரக்குத் தட்டு என்று சொன்னேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பத்து அங்குல வட்டம். நிமிஷத்துக்கு எழுபத்தெட்டுச் சுற்று. ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷத்துக்குச் சற்று அதிகமாகப் பாட்டு. அந்த மூன்று நிமிஷத்துக்குள் பல்லவி, அனுபல்லவி, சரணம், கொஞ்சம் ஸ்வரம் எல்லாவற்றையும் அடைத்துவிட வேண்டும். பாடகர்கள் மூச்சு விடாமல் ஓடுகிற மாதிரி சில பழைய தட்டுக்களில் கேட்கிறதே, அதற்கு இதுதான் காரணம். ஒவ்வொரு தடவைக்கும் புது முள் போட வேண்டும். முள்ளை மாற்றச் சோம்பினால் தட்டுத் தேயும். இவ்வளவு தொல்லையும் செலவும் பிடித்த வஸ்துவை யாராவது கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்களா? கடையில் நின்று, போடச் சொல்லிக் கேட்டு, பக்கத்தில் நிற்பவர் முகத்தைப் பார்த்துத்தான் வாங்கினார்கள். படத்தில் பாடியவர் ஒருவர், தட்டில் பாடியவர் வேறொருவர் என்ற விபரீதமும் அந்த நாளில் உண்டு. பெயரைச் சரியாகப் படித்து, "இது அந்தக் குரல் அல்ல ஐயா!" என்று எச்சரிக்கிறவன் தெருவுக்கு ஒருவன் இருந்தாக வேண்டும். முதல் இசைத்தட்டு விமரிசகன் அவன்தான்.

1937-ல் 'சிந்தாமணி' வந்தது. எடுத்தவர்கள் எங்கள் மதுரைக்காரர்கள், ராயல் டாக்கி டிஸ்டிரிபியூட்டர்ஸ். எம். கே. தியாகராஜ பாகவதரின் குரலும் பாபநாசம் சிவன் பாட்டுக்களும் தமிழ் நாட்டையே ஒரு வருஷத்துக்கு மேல் ஆட்டி வைத்தன. வந்த லாபத்தில் மதுரையில் ஒரு கொட்டகையே கட்டி, அதற்குச் 'சிந்தாமணி' என்று பெயரும் வைத்தார்கள். இந்தப் படத்தை ஓட வைத்தது யார்? அப்போது வர்த்தக விளம்பரம் என்பது மாட்டு வண்டியில் தட்டி கட்டித் தம்பட்டம் அடிப்பதோடு சரி. பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்கள், ஏற்றம் இறைக்கும்போதும், அடுப்பு ஊதும்போதும், ராத்திரி பாயை விரிக்கும்போதும் பாடிக்கொண்டே இருந்ததுதான் விளம்பரம். அதாவது, அமெச்சூர்களின் அபிப்பிராயம். அபிப்பிராயத்தால் கொட்டகை கட்டியவர்கள் அபிப்பிராயத்துக்குத் தடை கேட்கவில்லை!

விமரிசனம் என்ற பெயரில் அட்டூழியமே நடப்பதில்லையா என்றால், நடக்கிறது, நடந்தும் இருக்கிறது. 1940-களில் 'சினிமா தூது', 'இந்து நேசன்' என்ற பத்திரிகைகளை நடத்திய லட்சுமிகாந்தன், நடிகர் நடிகைகளின் நடிப்பை விட்டுவிட்டு அவர்களுடைய அந்தரங்கத்தை எழுதி விற்றான். 1944 நவம்பரில் அவன் கத்தியால் குத்தப்பட்டு இறந்தான். பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் அந்த வழக்கில் தண்டனை அடைந்து, 1947-ல் விடுதலையாகும் வரை சிறையில் கிடந்தார்கள். 'ஹரிதாஸ்' சென்னையில் ஜே ஜே என்று ஓடிக்கொண்டிருக்கையில் அதன் கதாநாயகர் கம்பிக்குப் பின்னால்! விடுதலையான பிறகு பாகவதருக்குப் பழைய நிலை திரும்பவே இல்லை. இன்று செல்போனில் நடிகையின் விவாகத்தையும் விவாகரத்தையும் அலசுகிறவர்களுக்கும் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கும் ஒரே பெயர் கொடுப்பது, வம்புக்காரனுக்கும் வாத்தியாருக்கும் ஒரே நாற்காலி போடுவதாகும். வம்புக்கு அவதூறுச் சட்டம் இருக்கிறது. அதைப் பிரயோகம் செய்யட்டும்.

கடுமையான கண்டனத்துக்கு யோக்கியமான பதிலும் உண்டு. 1952 தீபாவளிக்கு மதுரையில் தங்கம் தியேட்டர் என்று இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் உட்காரக்கூடிய பிரம்மாண்டமான கொட்டகை 'பராசக்தி'யுடன் திறக்கப்பட்டது. படத்தை 'தினமணி கதிர்' பலமாகத் தாக்கி, 'பரப்பிரம்மம்' என்று நையாண்டி செய்தது. வசனம் எழுதிய மு. கருணாநிதி என்ன செய்தார்? அந்த நையாண்டிப் பெயரையே தலைப்பாக வைத்து ஒரு நாடகம் எழுதி மேடையேற்றிவிட்டார்! அந்தக் கட்சிக்காரரையோ இந்தக் கட்சிக்காரரையோ நேயர்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், இது ரசமான சண்டை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தங்கமும் சிந்தாமணியும் இப்போது படம் காட்டுவதில்லை. சண்டை மட்டும் ஞாபகத்தில் இருக்கிறது.

அபிப்பிராயம் சொல்லும் உரிமைக்கு இவ்வளவு வாதாடிவிட்டு நான் ஓர் அபிப்பிராயமும் சொல்லாமல் போவது அழகல்ல. ஆகையால், டிக்கெட்டும் தட்டும் வாங்கியவன் என்ற ஒரே யோக்கியதையுடன் சில சொல்கிறேன்.

பாட்டே இல்லாமல் தமிழ்ப் படம் எடுக்க முடியும் என்று 1954-ல் 'அந்த நாள்' காட்டியது. காட்டியவர் எஸ். பாலசந்தர், சாட்சாத் வீணை வித்வான். ஐம்பது பாட்டு அறுபது பாட்டு என்று டாக்கிகள் வந்த நாட்டில், வீணைக்காரர் ஒருவர் பாட்டை நிறுத்தியது வேடிக்கைதான். அன்று ஜனங்கள் அந்தப் படத்தைக் கைவிட்டார்கள். இன்றைக்குப் போட்டுப் பார்த்தாலும் கொலை செய்தவர் யார் என்ற கேள்வி நம்மை நகரவிடுவதில்லை. எழுபது வருஷம் கழித்து, 2024 ஆகஸ்டில் வந்த 'கொட்டுக்காளி' இன்னும் ஒரு படி மேலே போயிற்று. பாட்டும் இல்லை, பின்னணி வாத்தியமும் இல்லை. ஆட்டோவின் இரைச்சல், சேவலின் படபடப்பு, வெயிலில் நடப்பவர்களின் மூச்சு, இவைதான் சங்கீதம். பேய் பிடித்துவிட்டது என்று சொல்லி ஒரு பெண்ணைக் குடும்பத்தார் சாமியாடியிடம் அழைத்துப் போகிறார்கள். போகும் வழியெல்லாம் பேய் யாரைப் பிடித்திருக்கிறது என்று நாம் யோசித்துக்கொண்டே போகிறோம். அந்தப் பெண் வாயைத் திறந்து பேசுவதே அபூர்வம். நடிகை அன்னா பென்னின் கண்களைத்தான் நாம் படித்துக்கொள்ள வேண்டும். சூரியின் கட்டைத் தொண்டை மனத்தைப் பிசைகிறது. முடிவை நம் தலையிலேயே கட்டிவிட்டு டைரக்டர் பி. எஸ். வினோத்ராஜ் போய்விட்டார் என்று கொட்டகையில் பலர் கோபித்துக்கொண்டார்கள். எனக்கு அந்த முடிவு பிடித்திருந்தது. நடுவில் வண்டியோட்டம் சற்று நீண்டுவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

தட்டு விஷயத்துக்கு வருவோம். 'ஆல்பம்' என்றால் ஆதியில் நிஜமான ஆல்பந்தான்: எழுபத்தெட்டுச் சுற்றுத் தட்டுக்கள் பலவற்றைப் போட்டோ ஆல்பம் போல் அட்டையில் கோத்து விற்றார்கள். 1948-ல் அமெரிக்காவில் நீண்ட நேரத் தட்டு வந்து, எல்லாம் ஒன்றில் அடங்கிவிட்ட பிறகும் பெயர் நிலைத்துவிட்டது. 'ராக்' என்னும் மேனாட்டு மின்சார கிதார் சங்கீதத்துக்கு அதுதான் காவியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கும் அதற்கு விமரிசன சாஸ்திரம் உண்டாக்கியது யார் தெரியுமா? 1966-ல் பால் வில்லியம்ஸ் என்ற பதினேழு வயதுக் காலேஜ் மாணவன், பிரதியெடுக்கும் யந்திரத்தில் தானே அச்சடித்து 'கிராடாடி' என்று ஒரு பத்திரிகை விற்றான். இதில் பெயர் பெற்ற மற்றொருவர் லெஸ்டர் பாங்ஸ். பாதரட்சைக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே, யாரும் கேட்காமல், 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகைக்கு ஒரு கண்டனத்தை அனுப்பி வைத்தவர். அபிப்பிராயப் பைத்தியம் தமிழனுக்கு மட்டும் பிடித்த வியாதி அல்ல என்பது இதனால் விளங்கும்.

நம்மிடம் இந்த வழியில் முதலில் நினைக்க வேண்டியது, அன்றைய மதுரை ஜில்லாப் பண்ணைப்புரத்துக்காரரான இளையராஜா 1986-ல் கொண்டுவந்த 'ஹவ் டு நேம் இட்'. சினிமாவுக்காக அல்லாமல் தனியே செய்தது. தியாகராஜ ஸ்வாமிக்கும் ஜெர்மானிய மேதை பாக்குக்கும் சமர்ப்பணம். இதில் மேனாட்டு வயலின் கூட்டமும் நம் ராகமும் ஒன்றையொன்று மரியாதையாகக் கும்பிட்டுக்கொண்டு நிற்கவில்லை. சரிக்குச் சரி வாதம் செய்கின்றன. வி. எஸ். நரசிம்மனின் வயலின் அந்த வாதத்தைச் சண்டையாகவிடாமல் நடத்துகிறது. பெங்களூர் 'அகம்' கோஷ்டியார் 2012-ல் வெளியிட்ட முதல் ஆல்பத்தில் கர்நாடக சங்கீதத்தை ராக்கோடு சேர்த்தார்கள். ஸ்வரம் சுத்தமாயிருக்கிறது, குரலில் காந்தம் இருக்கிறது. ஆனால் தாள வாத்தியமும் கிதாரும் போட்டி போட்டு ஏறுகிற இடங்களில், கமகத்தைக் காது தேடிப்பிடிக்க வேண்டியிருக்கிறது. சாப்பாட்டில் எல்லாமே தாளிதமாக இருக்கலாமா?

டைரக்டர் பா. ரஞ்சித்தின் முயற்சியால் சென்னையில் கூடிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கோஷ்டி வேறு ரகம். வட சென்னைக் கானாவையும் பறையையும் கிதாருடன் சேர்த்து, ஜாதிக் கொடுமையை முகத்துக்கு நேரே கேட்டார்கள். சில பாட்டுக்களில் பிரசங்கம் பாட்டை முந்திக்கொண்டு ஓடிவிடுகிறது என்பது மெய். ஆனால், சாவு வீட்டு வாசலுக்கு அப்பால் வராதே என்று நாம் நிறுத்தி வைத்திருந்த சங்கீதம் சபை மேடையில் ஏறி அதட்டிக் கேட்கும்போது, சுருதி சுத்தத்தை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. பறையின் அடி நெஞ்சில் விழுகிறது.

நாட்டுப் பாட்டு என்றதும் எங்கள் பக்கத்து ஊர்க்காரியைச் சொல்லாமல் முடியாது. விளாங்குடியை ஒட்டினாற்போல் இருக்கும் பரவையிலிருந்து வந்தவர் முனியம்மா. கோயில் விழாக்களிலும் மேடைகளிலும் வெகு காலம் பாடி, 2003-ல் 'தூள்' படத்தில் தோன்றிய பிறகே தமிழ் நாடு முழுவதற்கும் பரவை முனியம்மா ஆனார். ஒலிவாங்கி வேண்டாத குரல் அது. கண்மாய்க் கரையில் நின்று பாடினால் அக்கரையில் களை எடுக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். 2020-ல் காலமானார். சினிமாக்காரர்கள் அவரை நகைச்சுவைக் கிழவியாகவே பெரும்பாலும் உபயோகித்துக்கொண்டார்கள் என்பதில் எனக்கு மனத் தாங்கல் உண்டு. அவருடைய கும்மியையும் தாலாட்டையும் ஒப்பாரியையும் வேறு வாத்தியச் சந்தடி இல்லாமல் வரிசையாகப் பதிவு செய்து ஓர் ஆல்பமாகப் போட்டிருந்தால், நான் சொன்ன எல்லா ஆல்பங்களுக்கும் முன்னால் அதை வைத்திருப்பேன்.

வினோத்ராஜின் முதல் படத்தையும் பற்றி இரண்டு வார்த்தை. 'கூழாங்கல்' என்று பெயர். மதுரை மேலூர்ப் பக்கத்துப் பாறைக் காட்டில், கொளுத்தும் வெயிலில், குடிகாரத் தகப்பனும் சிறு பையனும் நடக்கிறார்கள், அவ்வளவுதான் கதை. 2021-ல் ஹாலந்து தேசத்து ராட்டர்டாம் விழாவில் 'டைகர்' பரிசு முழுதும் அதற்குக் கிடைத்தது. அந்த வருஷம் இந்தியாவின் சார்பில் ஆஸ்காருக்கும் அதையே அனுப்பினார்கள். இவ்வளவுக்கும் பிறகு, 2023 அக்டோபரில், தியேட்டருக்கு வராமலே நேரே இணையத்தில் விட்டுவிட்டார்கள். மதுரையின் கொட்டகைகளில், மதுரை மண்ணைப் பற்றிய அந்தப் படத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமைகூடக் கிடைக்கவில்லை. இப்படிப்பட்ட படத்துக்குச் சுவரொட்டி ஒட்டப் பணம் ஏது? பார்த்தவன் பாராதவனிடம் சொன்னால்தான் உண்டு. பெரிய படத்துக்கு மூன்று நாள் மௌனம் லாபமாயிருக்கலாம். சிறிய படத்துக்கு அதே மூன்று நாள் மௌனம் பாடை. சங்கத்தார் மனுவில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தச் சிறு படக்காரர்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

எங்கள் வீட்டில் 'கூழாங்கல்'லைச் சின்னத் திரையில்தான் பார்த்தோம். எழுபத்தைந்து நிமிஷ அளவுக்கு மேல் போகாத படம். முடிந்ததும் வீட்டில் ஒருவர், "தண்ணீர் கொண்டா" என்றார். அதைவிடச் சுருக்கமான விமரிசனத்தை நான் இன்னும் படிக்கவில்லை.